கடிதம் எழுதுவதும் உரிமைதான்: ஓரிகனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரலாறு

மின்னஞ்சல் அனுப்பத் தெரிவதை நம்மில் யாரும் ஒரு திறமையாக எண்ணுவதில்லை. ஆனால் அந்த வேலையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கணக்கின் பெயர் நினைவிருக்க வேண்டும். கடவுச்சொல் நினைவிருக்க வேண்டும். குவிந்து கிடக்கும் நூறு கடிதங்களில் எது நண்பருடையது, எது விளம்பரம், எது மோசடி என்று பிரிக்கத் தெரிய வேண்டும். பதில் எழுதும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பாதி எழுதும்போது எதற்காக எழுத உட்கார்ந்தோம் என்பது மறந்துவிடக் கூடாது. எழுதி முடித்த பிறகு 'அனுப்பு' என்பதை அழுத்த வேண்டும் என்பதும் நினைவிருக்க வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் கடிதம் போய்ச் சேராது.

இந்தப் படிகள் இயற்கை விதித்தவை அல்ல. சில மனிதர்கள் உட்கார்ந்து, தங்களைப் போன்ற நினைவாற்றலும் தங்களைப் போன்ற படிப்பும் உள்ளவர்களை மனத்தில் வைத்து அமைத்தவை. அந்த அமைப்புக்குள் வர முடியாதவர்களை உலகம் 'இவர்களுக்கு இதெல்லாம் வராது' என்று சொல்லி ஒதுக்கியது. குறை திரையில் இருக்கிறதா, மனிதரிடம் இருக்கிறதா என்ற கேள்வியே நீண்ட காலம் எழவில்லை. அந்தக் கேள்வியை யார் எழுப்பினார்கள், அதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். அறிதிறன் குறைபாடு என்பது ஒரு குடைச் சொல். பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அதில் வருவார்கள். வாசிப்பில் இடர்ப்படும் கற்றல் குறைபாடு உள்ளவர்களும் வருவார்கள். சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், முதுமையில் மறதி நோய்க்கு ஆளானவர்களும் இதே குடையின் கீழ்தான். அதாவது இது 'அவர்கள்' என்று தள்ளி வைக்கக்கூடிய ஒரு சிறு கூட்டம் அல்ல. நாளை நீங்களும் நானும் அங்கே நிற்கலாம்.

சேலத்தில் ஒரு மதில்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான். அங்கே 1908இல் 'மந்தபுத்தியினருக்கான' மாநில நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது. பின்னாளில் அது ஃபேர்வியூ என்று அழைக்கப்பட்டது. குழந்தைகளும் பெரியவர்களும் ஊரிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரிக்கப்பட்டு அங்கே அடைக்கப்பட்டார்கள். பலருக்கு அதுவே வாழ்நாள் முழுவதுக்குமான முகவரி ஆனது.

மதிலுக்குள் வைத்ததோடு அரசு நிற்கவில்லை. 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறக் கூடாது என்ற இனமேம்பாட்டுக் கொள்கையின்படி 1917இல் ஓரிகன் ஒரு வாரியம் அமைத்துக் கட்டாயக் கருத்தடை செய்யத் தொடங்கியது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, வர்ஜீனியா மாநிலத்து வழக்கில், இத்தகைய சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஓரிகனில் மட்டும் 2,600க்கும் மேற்பட்டோர் இந்தக் கொடுமைக்கு ஆளானார்கள். அங்கே கடைசிக் கருத்தடை நடந்தது 1981இல். ஆளுநர் ஜான் கிட்ஸ்ஹேபர் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2002 டிசம்பரில். ஃபேர்வியூவின் கதவு நிரந்தரமாக மூடப்பட்டது 2000இல்.

மின்னஞ்சலைப் பற்றிப் பேச வந்த கட்டுரையில் இதை ஏன் சொல்ல வேண்டும்? ஒரு மனிதரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அவரைக் கேட்காமலே மற்றவர்கள் முடிவு செய்யும் வழக்கம் கணினியோடு பிறந்ததல்ல. அது கணினிக்கு வெகுகாலம் முந்தியது. முதலில் அதை அறிவியல் என்றார்கள், பிறகு சட்டம் ஆக்கினார்கள், பிறகு கட்டடமாக எழுப்பினார்கள். நம் காலத்தில் அது ஒரு திரையின் வடிவமைப்பாக வந்து நிற்கிறது. வன்முறையின் அளவில் இவை ஒன்றல்ல. அதை மறந்துவிடக் கூடாது. ஆனால் 'இவர்களுக்குப் புரியாது' என்ற முன்முடிவு இரண்டிலும் ஒன்றுதான்.

"முதலில் நாங்கள் மனிதர்கள்"

எதிர்ப்பும் அதே சேலத்திலிருந்துதான் எழுந்தது. 1973இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்காக ஒரு மாநாடு நடந்தது. ஓரிகனிலிருந்து ஒரு சிறு குழு அதில் கலந்துகொண்டது. மேடையை வல்லுநர்களே நிறைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், நம் மாநாட்டை நாமே நடத்துவோம் என்று முடிவெடுத்தார்கள். 1974 ஜனவரியில் சேலத்தில் கூடிப் பேசினார்கள். தங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு வந்தபோது, எங்கள் குறையைச் சொல்லித்தான் எங்களை முதலில் அடையாளம் காண்கிறார்கள், முதலில் நாங்கள் மனிதர்கள் என்று ஒருவர் சொன்னார். 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்ற பெயர் அப்படிப் பிறந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் ஓரிகன் கடற்கரையில் நடந்த அவர்களுடைய முதல் மாநாட்டுக்கு 560 பேர் வந்தார்கள். பிற்காலத்தில் பல நாடுகளுக்கும் இந்த இயக்கம் பரவியது. சட்டத்தைப் புரியும் மொழியில் எழுது, கூட்டக் குறிப்பைப் புரியும் மொழியில் கொடு, என்னைப் பற்றிய முடிவை என் முன்னால் பேசு என்பன அதன் கோரிக்கைகள் ஆயின. படத்தோடும் சிறு வாக்கியங்களோடும் எழுதும் 'எளிய வாசிப்பு' முறை வேரூன்றியதில் இத்தகைய இயக்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்வீடனில் 1984இலேயே எளிய மொழியில் '8 சீடோர்' என்ற செய்தித்தாள் வரத் தொடங்கிவிட்டது.

இளம் தோழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எளிய மொழி என்பது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை அல்ல. பாதிக்கப்பட்டவர்கள் அமைப்பாகத் திரண்டு கேட்ட உரிமை அது.

யூஜீனில் ஒரு சோதனை

இந்தச் சமயத்தில் மின்னஞ்சல் தன் போக்கில் வளர்ந்துகொண்டிருந்தது. 1971இல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கணினியிலிருந்து வலையில் உள்ள இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். பெயருக்கும் கணினிக்கும் நடுவே இன்று நாம் எல்லோரும் இடும் அந்தச் சுழிக்குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1996இல் ஹாட்மெயில் வந்தது, 2004இல் ஜிமெயில் வந்தது. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் பொத்தான்கள் கூடின, பட்டியல்கள் கூடின. வசதி என்று சேர்க்கப்பட்ட ஒவ்வொன்றும் நினைவாற்றலும் கவனமும் குறைந்தவருக்கு இன்னொரு தடையாக முளைத்தது.

சேலத்துக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் யூஜீன் நகரம் இருக்கிறது. அங்குள்ள ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு குழு இந்தத் தடையை எடுத்து ஆராய்ந்தது. பேச்சு, மொழிக் குறைபாடுகளைப் படிக்கும் மெக்கே மூர் சோல்பெர்க்கும் கணினி அறிவியலாளர் ஸ்டீபன் ஃபிக்கஸும் அதில் முக்கியமானவர்கள். அவர்கள் வேலை செய்தது மூளைக்காயம் பட்டவர்களோடு. பீப்பிள் ஃபர்ஸ்டின் உறுப்பினர்கள் பிறவியிலேயே குறைபாடு உடையவர்கள். இவர்களோ நேற்றுவரை வேலைக்குப் போய், வண்டி ஓட்டி, நண்பர்களோடு ஊர் சுற்றியவர்கள். அனுபவம் வேறு. ஆனால் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: தனிமை. மூளைக்காயம் பட்டவர்களை மருத்துவமனையில் பார்க்க வரும் நண்பர்கள் போகப் போகக் குறைந்துவிடுகிறார்கள். வண்டி ஓட்ட முடியாது, தொலைபேசியில் வேகமாகப் பேச முடியாது. மின்னஞ்சலோ அவசரப்படுத்தாது. பத்து முறை படிக்கலாம், ஒரு நாள் எடுத்துப் பதில் எழுதலாம். யாருக்கு அது அதிகம் பயன்பட வேண்டுமோ அவர்களுக்கே அது பூட்டிக் கிடந்தது.

இந்தக் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் கடிதம் எழுதும் திரையை நான்கு விதமாக அமைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் வெற்றுப் பக்கம். ஒன்றில் எதைப் பற்றி எழுதலாம் என்ற குறிப்பு. ஒன்றில் கோடிட்ட இடத்தை நிரப்பும் முறை. இன்னொன்றில் கொடுத்த வாக்கியங்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் முறை. குறைபாடு உள்ளவர்களுக்கு அதிக உதவி கொடுக்கும் திரைதான் எல்லோருக்கும் பிடிக்கும் என்று நாம் நினைப்போம். அப்படி எல்லோருக்கும் பொருந்தும் ஒரே திரை கிடைக்கவில்லை. ஆளுக்கு ஆள் விருப்பமும் அதற்கான காரணமும் வேறுபட்டன. 2005இல் வந்த இன்னொரு ஆய்வில், மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும் என்று மூளைக்காயம் பட்டவர்களையும், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களையும், தொழில்முறை வல்லுநர்களையும் குழுவாக உட்காரவைத்துக் கேட்டார்கள். மருத்துவக் கோப்பில் 'நோயாளி' என்று இருந்தவர், இங்கே தனக்கு எது வேண்டும் என்று சொல்லும் தகுதி உடையவராக அமர்ந்தார்.

கற்றுக்கொடுக்கும் முறையும் மாறியது. நாம் எல்லோரும் தவறு செய்து திருத்தித்தான் கற்கிறோம். நினைவு கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு அந்த வழி பலிக்காது. தான் செய்தது தவறு என்பது அவருக்கு நினைவிருக்காது. கை மட்டும் அந்தத் தவறையே பழகிக்கொள்ளும். ஆகவே தவறுக்கே இடம் கொடுக்காமல், வேலையைச் சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியையும் சரியாகச் செய்யவைத்து, திரும்பத் திரும்பப் பழக்கும் முறையைக் கையாண்டார்கள். லாரி எல்ஹார்ட் முதலானோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் கடும் நினைவுக் குறைபாடு உள்ள 4 பேர், 7 படிகள் கொண்ட மின்னஞ்சல் வேலையை இப்படிக் கற்றுக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது அவர்களிடம் இருந்தது.

4 பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் 'முடியாது' என்பது எல்லோருக்குமான விதி என்று சொன்னவர்களுக்கு மறுப்பாக 4 பேர் போதும்.

பாதுகாப்பு என்ற பெயரில்

எளிய மின்னஞ்சல் செயலிகளில் பொதுவாகக் காணப்படும் ஒரு அம்சம், தெரிந்தவர்கள் பட்டியல். நண்பர்களின் புகைப்படத்தைத் தொட்டால் கடிதம் எழுதலாம். பட்டியலில் இல்லாதவர்களின் கடிதம் உள்ளே வராது. மோசடிக்காரர்களிடமிருந்து இது காப்பாற்றுகிறது என்பது உண்மை.

ஆனால் அந்தப் பட்டியலை யார் எழுதுவது? அப்பாவா, விடுதிக் காப்பாளரா, அந்த மனிதரேவா? ஒரு இளம்பெண் தான் விரும்பும் ஒருவருக்குக் கடிதம் எழுத நினைத்தால் அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? காப்பாளரைப் பற்றியே புகார் சொல்ல வேண்டுமானால் எந்த முகவரிக்கு எழுதுவது? மதில் இடிந்த பிறகும் சாவி வேறொருவர் இடுப்பில் தொங்கினால் அதை விடுதலை என்று சொல்ல முடியாது.

1972இலேயே ராபர்ட் பெர்ஸ்கே இதற்கு ஒரு சொல் கொடுத்தார்: ஆபத்தைச் சந்திக்கும் கண்ணியம். எல்லா ஆபத்திலிருந்தும் ஒருவரைக் காப்பாற்றுவது அவரை மனிதராக வளரவிடாமல் தடுப்பதும் ஆகும் என்பது அவர் வாதம். பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லியே யாரையெல்லாம் வீட்டுக்குள் வைத்தார்கள் என்பதை அறிந்த நமக்கு இந்த வாதத்தை விளக்கத் தேவையில்லை. மோசடியை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லித்தரலாம், சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒரு ஆளை அவரே தேர்ந்தெடுக்கவிடலாம். பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும்.

விதிப்புத்தகத்தில் நடந்த போராட்டம்

ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை உலகத்தின் வழக்கமாக மாற விதி வேண்டும். வலைத்தளங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் விதத்தில் அமைப்பதற்கான நெறிமுறைகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 மே மாதம் வெளியிட்டது. அதில் ஒரு விதி, உள்ளடக்கத்துக்குப் பொருந்தும் அளவில் மிகத் தெளிவான, மிக எளிய மொழியைப் பயன்படுத்த வேண்டும் என்றது. அதற்கு முதல் நிலை முன்னுரிமையும் தரப்பட்டிருந்தது.

அடுத்த பதிப்பு தயாரானபோது நிலைமை மாறியது. ஒவ்வொரு விதியும் சோதித்துப் பார்த்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்றார்கள். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று சோதிக்கலாம். மொழி எளிமையாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? அறிதிறன் குறைபாடு உள்ளவர்களின் தேவைகளில் பல இந்தச் சல்லடையில் தங்காமல் போயின. 2006 ஜூனில் லிசா சீமன் முறையான ஆட்சேபம் ஒன்றைப் பதிவு செய்தார். இந்த நெறிமுறைகள் அறிதிறன் குறைபாடு உள்ளவர்களின் தேவையை நிறைவு செய்வதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதே அதன் சாரம். பலரும் அதில் தம் பெயரைச் சேர்த்தார்கள்.

2008 டிசம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தது. வாசிப்பு எளிமை பற்றிய விதி மூன்று ஏ என்ற மிக உயர்ந்த நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. சட்டங்களும் அரசாணைகளும் பொதுவாகக் கேட்பது இரண்டு ஏ நிலையை மட்டுமே. அதாவது 1999இல் முதல் வரிசையில் இருந்தது 2008இல் யாரும் கட்டாயப்படுத்தாத இடத்துக்குப் போய்விட்டது. ஒன்று மட்டும் நடந்தது. எல்லா விதிகளையும் கடைப்பிடித்தாலும் எல்லாருக்கும் அது பயன்படும்படி ஆகிவிடாது, குறிப்பாக அறிதிறன், மொழி, கற்றல் சார்ந்த குறைபாடுகளில் என்ற ஒப்புதல் அந்த ஆவணத்தின் முன்னுரையிலேயே இடம்பெற்றது.

ஆட்சேபித்தவர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. அறிதிறன் குறைபாடுகளுக்கென்று தனிப் பணிக்குழு அமைந்தபோது அதை வழிநடத்தியவர்களில் லிசா சீமனும் ஒருவர். 2021 ஏப்ரலில் அந்தக் குழு விரிவான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 2023 அக்டோபரில் வந்த நெறிமுறைகளின் 2.2 பதிப்பில் இரண்டு ஏ நிலையிலேயே ஒரு புதிய விதி சேர்ந்தது: ஒரு கணக்குக்குள் நுழைய, நினைவாற்றலையோ புதிர் விடுவிக்கும் திறனையோ சோதிப்பதை மட்டுமே வழியாக வைக்கக் கூடாது. கடவுச்சொல்லை ஒட்ட விடாமல் தடுப்பதும், ஒரு திரையில் தெரியும் எண்ணை இன்னொரு திரையில் பார்த்து அடிக்கச் சொல்வதும், கோணல் எழுத்துகளைக் காட்டி 'நீ மனிதன்தானா' என்று கேட்பதும் மட்டுமே வாசலாக இருந்தால் அந்த வாசல் விதிமீறல்.

1999 முதல் 2023 வரை எண்ணிப் பாருங்கள். ஒரு வாசலைத் திறக்க 24 ஆண்டுகள்.

நம் நாட்டில்

இந்த வரலாறு நம்மைத் தொடும் இடம் சட்டம். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அறிவுசார் குறைபாடும் கற்றல் குறைபாடும் அவற்றில் அடங்கும். தகவல் தொடர்பு வசதிகள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ராதுரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசுன் வழக்கில், இணைய வசதியைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது.

தீர்ப்புகள் வந்துவிட்டன. களத்தில் நாங்கள் பார்ப்பது வேறு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். முகவரியை இன்டர்நெட் மையக்காரர் தொடங்கிக் கொடுக்கிறார். கடவுச்சொல் அவர் நோட்டில் இருக்கிறது. ஓடிபி வந்து, படித்து, அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. பிறகு அந்த முகவரிக்கு வரும் கடிதத்தைச் சம்பந்தப்பட்டவர் ஒருநாளும் பார்ப்பதில்லை. பெயர் அவருடையது, பெட்டி வேறொருவருடையது. நம் குடியிருப்புகளில் முதல் தலைமுறையாகப் படித்த பலருடைய பெற்றோருக்கும் இதே கதைதான். குறைபாடு உள்ளவர்களுக்காகத் திறக்கும் வாசல் வழியாக அவர்களும் உள்ளே வருவார்கள்.

சட்டத்துக்காகக் காத்திருக்காமல் நம் அமைப்புகளில் இன்றே செய்யக்கூடியவை உண்டு. நாம் அனுப்பும் கூட்ட அழைப்பையே எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று பத்தி நாட்டு நிலைமை, நான்காம் பத்தியின் நடுவே தேதி, கடைசியில் இடம் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். ஒரு கடிதத்தில் ஒரு செய்தி போதும். என்ன, எந்த நாள், எத்தனை மணி, எங்கே என்பது முதல் நான்கு வரியில் வரட்டும். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தனி வரியில் எழுதுங்கள். நாட்டு நிலைமையை அதற்குக் கீழே வையுங்கள், வேண்டியவர் படிப்பார். முந்தைய நாள் நினைவூட்டல் அனுப்புங்கள். அனுப்பும் முன், அறிதிறன் குறைபாடு உள்ள ஒரு தோழரிடம் காட்டி, புரிகிறதா என்று கேளுங்கள். அப்படி ஒரு தோழர் நம் அமைப்பில் இல்லையென்றால், ஏன் இல்லை என்பதை அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வைத்துப் பேசுங்கள்.